சும்மா இருப்பது எப்படி? - ஒரு பத்தின் கதை

கொல்லிமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும். காரவள்ளியில் ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. செம்மேட்டில் கடை வச்சிருக்கும் ஒருத்தர் வியாபாரம் இல்லைன்னு கீழே வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமா? ரெண்டே கேள்விதான். திரும்ப மேலே வர எவ்வளவு நேரம்? கீழே எவ்வளவு நேரம் இருந்தா அந்த அலைச்சல் கட்டுப்படியாகும்?

லினக்ஸ் கெர்னலும் வேலையில்லாத பிராசஸரைத் தூங்க வைக்கும்முன் இதே ரெண்டைத்தான் பார்க்குது. எழுந்து வர ஆகும் நேரம், குறைந்தபட்சம் தூங்க வேண்டிய நேரம். இந்த ரெண்டு எண்ணும் டிரைவரில் எழுதியிருக்கும்.

முன்னெல்லாம் நீண்ட தூக்கம் கிடையாது. வேலை இருக்கோ இல்லையோ, நொடிக்கு 250 தடவை, 1000 தடவைன்னு டைமர் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கும். 2007-ல் 2.6.21 கெர்னலில்தான் சும்மா இருக்கும்போது அந்தத் தட்டலை நிறுத்த வழி வந்தது. வெங்கடேஷ் பல்லிபாடி, ஷாவ்ஹுவா லி, ஆடம் பெலே மூணு பேரும் எழுதிய சிபியு-ஐடில் கட்டமைப்பு ஜனவரி 2008-ல் வந்த 2.6.24-ல் சேர்ந்தது.

இப்ப நம்ம கதை. ஐபிஎம் பவர் சர்வர்களுக்கான டிரைவரை எழுதியவர் தீப்தி தார்வார். அதில் 'சீட்' என்றொரு தூக்க நிலை. பிராசஸரை ஹைப்பர்வைசரிடம் விட்டுக்கொடுப்பதுன்னு அர்த்தம். எழுந்து வர 10 மைக்ரோ நொடி, குறைந்தபட்சத் தூக்கம் 100. அந்தப் 10 ஒரு அனுமானம்தான். மெஷினைக் கேட்டுத் தெரிஞ்சுக்க வழியில்லை.

2020-ல் கௌதம் ஷெனாய் ஒரு பேட்ச் போட்டார். இதைவிட ஆழமான தூக்க நிலைகளுக்கு ஃபர்ம்வேர் ஒரு நேரம் சொல்லுது. அது பத்துக்கும் கம்மின்னா, லேசான தூக்கமான சீட்டுக்கு அதைவிட அதிகம் ஆகாதே? தர்க்கம் சுத்தம். எண்ணை மாத்தினாங்க.

பவர்-9 மெஷினில் ஃபர்ம்வேர் சொன்னது 2 மைக்ரோ நொடி. உடனே குறைந்தபட்சத் தூக்கமும் அதன் பத்து மடங்கா, 20-ஆ இறங்கிடுச்சு. குட்டி இடைவெளி கிடைச்சாலே பிராசஸர் மலையிறங்கப் போயிடும்!

2021-ல் அவரே அளந்து பார்த்தார். டைமர் வச்சு எழுப்பினா நடுவான அளவு 5.7. இன்னொரு பிராசஸர் கூப்பிட்டு எழுப்பினா, 400 தடவையில் 100-க்கு 99 தடவை 9.5-க்குள். ஏறக்குறைய அந்தப் பழைய பத்தேதான்!

அப்ப ஃபர்ம்வேர் பொய் சொன்னதா? இல்லைங்க. வன்பொருள் கண் முழிக்க ஆகும் நேரத்தைச் சரியாத்தான் சொன்னது. ஆனா கண் முழிச்சது ஹைப்பர்வைசர் வீட்டில். அங்கிருந்து நம்ம லினக்ஸுக்கு வந்து சேரணும், கூப்பிட்ட குரலும் போய்ச் சேரணும். அது கணக்கில் இல்லை. காரவள்ளியில் நின்னு "எந்திரிச்சுட்டேன்"னு போன் பண்றவர் செம்மேட்டுக் கடையைத் திறந்துட்டார்னு நாம நினைச்ச மாதிரி.

அதனால் பவர்-10 முதல் மட்டும் ஃபர்ம்வேர் பேச்சைக் கேட்பது, பழைய மெஷின்களுக்கு 10 என்று முடிவாச்சு. பவர்-10-ல் ஃபர்ம்வேர் சொல்லும் எண்ணே அளந்து பார்த்து வந்தது.

இந்த மாதிரி பேட்ச்சைச் சரிபார்ப்பது கஷ்டம். தப்பான எண் போட்டா கம்பைல் ஆகும், பூட் ஆகும், எதுவும் உடையாது. எண் அளவுக்கு மேல் குறைஞ்சா வேகம் போகும், கூடினா மின்சாரம் போகும், ரெண்டுமே சத்தமில்லாம. கோடை வரி வரியாப் படிச்சாலும் கண்ணில் படாது. எண்ணை அளந்தது யார், எங்கே நின்னு அளந்தார்னு கேட்டால்தான் தெரியும். தன் பேட்ச்சைத் தானே அளந்து பார்த்து, பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அடுத்த முறை யாராவது "இதோ வந்துட்டேன்"னு சொன்னா, எத்தனாவது வளைவுன்னு கேளுங்க :-)