சோழியில் பிடித்த கிரகணம்

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பஞ்சாங்கச் சண்டை என்றால் வெல்லம். 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களை வைத்தே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். இந்தியக் காலக்கணக்கை ஆராய்ந்த ஜான் வாரன் அதைத் தம் ‘கால சங்கலித’ நூலில் பதிந்தார். பிற்காலத்தில் கணித வரலாற்றாசிரியர் நாய்கெபவர் சரிபார்த்தபோது தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு, முடிவில் 52. சோழிக்கு அது மோசமில்லை!

வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம் வந்த பிறகும், பல கோயில்கள் அந்தப் பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தை விடவில்லை. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்றே மீனத்துக்குப் போய்விட்டது. திருநள்ளாறு கோயிலோ, வாக்கியப்படி 2026இல்தான் பெயர்ச்சி என்று அறிவித்தது. கிரகணத்தில் மட்டும் இந்தப் பிடிவாதம் செல்லாது, ஊரே அண்ணாந்து பார்க்குமே! அதனால் வாக்கியக்காரர்கள் பலரும் அதற்குத் திருக்கணிதத்தை வாங்கிக்கொள்கிறார்கள். சனி ராசி மாறுவதை யார் கண்ணால் பார்த்தார்கள்?

எங்கள் வீட்டில் நான் திருக்கணிதம், என் மனைவி வாக்கியம். திருநள்ளாற்றுக்கு அவள் சொல்லும் தேதியில்தான் பஸ் ஏறுவோம்.