பார்குத் தூண்களில் இயக்கர்

தெய்வங்களை வேண்டி வீடுபேறு அடைதல் பௌத்தத்தின் கொள்கையன்று. அங்ஙனமாக, அதன் பழைய கற்சிற்பங்களில் மரத்திலும் நீரிலும் உறையும் தெய்வங்கள் பெருவடிவிற் காணப்படுவதேன்? அவை அழகு கருதிச் செதுக்கிய அணிகளே என்பாருமுளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதனைப் பார்குத் சிற்பங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மத்தியப் பிரதேசத்துச் சத்னா மாவட்டத்திலுள்ள பார்குத் தூபியை 1873-இல் கன்னிங்காம் கண்டறிந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினதாகிய அதன் கல்வேலியின் பெரும்பகுதி இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 7 அடி உயரமுள்ள தூண்களில் இயக்கரும் இயக்கியரும் நாகரும் நிற்கின்றனர். புத்தர் பெருமானோ ஆங்கு மனித வடிவில் யாண்டும் காட்டப்பெற்றிலர். மரம், ஆழி, அடிச்சுவடு, இருக்கை ஆகிய குறிகளே அவரை உணர்த்துகின்றன.

இவ்வுருவங்கள் வெற்றணிகள் அல்ல என்பதற்குத் தூண்களிலுள்ள பிராமி எழுத்துக்களே சான்று. குபிரோ யக்கோ, சிரிமா தேவதா, சுலகோகா தேவதா, சகவாகோ நாகராஜா எனப் பிராகிருதத்தில் அவற்றின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. அணிக்குப் பெயர் வேண்டா; வழிபடு தெய்வத்திற்கே பெயர் வேண்டும். சுலகோகா யானைமீது நின்று, பூத்த மரத்தினைக் கையாலும் காலாலும் தழுவி நிற்கின்றாள். குபேரனும் நாகவேந்தனும் கைகூப்பி நிற்றல் பெரிதும் நோக்கற்பாலது. மக்களால் தொழப்பெற்ற தெய்வங்கள், ஈண்டுத் தாமே தூபியைத் தொழுவனவும் காப்பனவும் ஆயின. பழைய வழிபாட்டினைப் பௌத்தம் அழித்திலது. தன் வேலியில் அதற்கு ஓர் இடம் வகுத்தது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க சான்றுகள் தமிழிலும் உள. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், ஆயர் முதுமகள் மாதரி மதுரைப் புறநகரில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீள்கின்றாள். பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலோ, தூணில் அமைந்த கந்திற்பாவை மணிமேகலைக்குப் பழம்பிறப்பினை உணர்த்தி, வருபிறப்பில் அவள் புத்தர்க்கு மாணாக்கன் ஆதலையும் முன்னறிவிக்கின்றது. பார்குத்திற்கும் இந்நூல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்மையின், ஒன்றினின்று மற்றொன்று தோன்றிற்று என்றல் சாலாது. தூணில் உறையும் தெய்வம் புத்தநெறிக்குத் துணையாதல் என்னும் கருத்தொப்புமையே கொள்ளத்தக்கது.

சமய நூல்கள் அறவோர் கொள்கையினைக் கூறுகின்றன. எளிய மக்கள் எவற்றைத் தொழுதனர் என்பதனைப் பெயருடன் நிற்கும் இக்கல்லுருவங்கள் கூறுகின்றன. ஆதலின், இவற்றை அணியெனத் தள்ளுதல் அம்மக்களின் சமயத்தை வரலாற்றினின்றும் தள்ளுதலேயாகும்.