சார்பு நேர்காணல்

ஒரே குடும்பத்தைப் பலமுறை சந்தித்து விவரம் திரட்டும் ஆய்வுகளில், முந்தைய சுற்றின் விடைகளை அடுத்த சுற்றின் கேள்விகளில் பயன்படுத்தும் முறை சார்பு நேர்காணல் எனப்படும். வேலை, வருமானம், அரசு உதவித்தொகை, வீட்டுச் செலவு ஆகியவை காலப்போக்கில் மாறுவதை அளக்கும் ஆய்வுகளில் இது இடம்பெறுகிறது. நினைவுப் பிசகால் தோன்றும் போலி மாற்றத்தை உண்மையான மாற்றத்திலிருந்து பிரிப்பதே இதன் முதன்மை நோக்கம்.

தோற்றம்

ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் தொடர்குழு ஆய்வுக்குப் பெயர் வாங்கித் தந்தது, 1940-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் பால் லசார்ஸ்ஃபெல்டு குழுவினர் வாக்காளர்களிடையே நடத்திய ஆய்வு. முந்தைய விடையை நேர்காணலுக்குள்ளேயே கொண்டுவந்த முன்னோடி முயற்சி, வீடு பழுதுபார்க்கும் செலவு பற்றியது. ஜான் நீட்டரும் ஜோசப் வாக்ஸ்பர்க்கும் அதன் முடிவுகளை 1964-இல் வெளியிட்டனர். கடந்த மாதச் செலவைக் கேட்டால், அதற்கு முன்பு செய்த செலவையும் பலர் சேர்த்துச் சொல்லிவிடுவது தெரியவந்தது. இதைத் தடுக்க, சென்றமுறை சொன்ன வேலைகளை முதலில் நினைவூட்டி, அவை போக வேறென்ன செய்தார்கள் என்று கேட்கும் முறை கையாளப்பட்டது.

1972-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியக் குற்ற ஆய்வும் இவ்வழியைப் பின்பற்றியது. ஒரு வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக ஏழு நேர்காணல்கள் நடந்தன. முதல் நேர்காணலின் தகவல் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை; பின்னர் சொல்லப்படும் திருட்டோ தாக்குதலோ பழைய நிகழ்வுதானா என்று ஒப்பிட மட்டுமே அது பயன்பட்டது. எல்லை நேர்காணல் எனப்படும் இத்தகைய முதல் நேர்காணல் நுகர்வோர் செலவு ஆய்விலும் இருந்தது. 2015-இல் அது கைவிடப்பட்டது.

ஒட்டு விளைவு

1983-இல் களமிறங்கிய அமெரிக்க வருமானம் மற்றும் திட்டப் பங்கேற்பு ஆய்வு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களைச் சந்தித்து, இடைப்பட்ட ஒவ்வொரு மாதத்தின் நிலையையும் கேட்டது. உதவித்தொகை தொடங்கியதும் நின்றதும் எல்லா மாதங்களிலும் ஏறத்தாழச் சீராக விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நேர்காணலின் கடைசி மாதத்துக்கும் அடுத்ததன் முதல் மாதத்துக்கும் இடையிலேயே மாற்றங்கள் குவிந்தன. இன்றைய நிலையையே நான்கு மாதங்களுக்கும் சொல்லிவிடும் இயல்பு இதற்கு ஒரு காரணம். இரு காலங்கள் ஒட்டும் இடத்தில் தோன்றும் இப்பிழையைக் குறைக்க 2004-இல் தொடங்கிய தொடர்குழுவில் சார்பு நேர்காணல் விரிவாக்கப்பட்டது. பிழை நன்கு குறைந்தது, முற்றிலும் மறையவில்லை.

கணினியின் வருகை

தாள் படிவத்தில் பழைய விடைகளைத் தேடி எழுதிச் செல்வது கடினம். மடிக்கணினி அவற்றைக் கேள்வி வாசகத்துக்குள்ளேயே பொருத்தித் தந்தது. 1994 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்ட அமெரிக்க நடப்பு மக்கள்தொகை ஆய்வு இதன் திருப்புமுனை. அதற்கு முன், ஒரே வேலையில் இருப்பவர் இம்மாதம் ‘கணக்கு எழுதுகிறேன்’ என்றும் அடுத்த மாதம் ‘அலுவலக வேலை’ என்றும் சொன்னால், அவருக்கு இரு தொழில் குறியீடுகள் விழும். வேலையே மாறியதாகக் கணக்காகும். புதிய முறையில், போன மாதம் சொன்ன நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, இன்னும் அங்கேதான் வேலையா, செய்யும் பணிகள் மாறினவா என்று கேட்டனர். மாறவில்லை என்றால் பழைய குறியீடே தொடரும். சோதனைகளில், மாதந்தோறும் தொழில் மாறியதாகப் பதிவானோர் பங்கு ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டிலிருந்து பத்துக்கும் கீழே இறங்கியது.

இரு வகைகள்

முன்னிலைச் சார்பு முறையில் பழைய விடை கேள்வியிலேயே சொல்லப்படும். பின்னிலைச் சார்பு முறையில் வழக்கம்போல் கேள்வி கேட்கப்படும். புதிய விடை பழையதோடு முரண்பட்டால் மட்டும் கணினி விளக்கம் கேட்கும். கனடாவில் 1993-இல் தொடங்கிய தொழிலாளர் மற்றும் வருமான இயக்க ஆய்வு இரண்டையும் கையாண்டது. பிரிட்டனில் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் நடத்திய சோதனை, விடைகளை அரசுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டது. உதவித்தொகை பெற்றும் சொல்ல விட்டுப்போவது சார்பு முறையில் குறைவதாக அது காட்டியது. பிரிட்டிஷ் குடும்பத் தொடர்குழு ஆய்வு 2006-இல் இம்முறையை ஏற்றது.

சிக்கல்கள்

பழைய விடையைக் கேட்டதும், யோசிக்காமல் ‘ஆமாம், அப்படித்தான்’ என்று சொல்வது எளிது. அப்போது உண்மையான மாற்றம் மறைகிறது. முதல் சுற்றில் நேர்ந்த தவறும் சுற்றுக்குச் சுற்று தொடர்கிறது. பின்னிலை முறையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் ‘போன தடவை வேறு மாதிரி சொன்னீர்களே’ என்ற தொனி வந்தால் பதில் சொல்பவர் குறுகிப்போவார்.

இவற்றைவிடக் கனமானது தனியுரிமை. கணவர் சென்றமுறை சொன்ன வருமானத்தை இம்முறை மனைவியிடம் படித்துக்காட்டினால், அவர் ஆய்வுக்கு மட்டும் சொன்னது வீட்டுக்குள் வெளியாகிவிடும். ஆகவே அவரவர் விடையை அவரவரிடமே நினைவூட்டுவது, பிறரிடம் சொல்ல முன்னனுமதி பெறுவது போன்ற கட்டுப்பாடுகள் தேவைப்படுகின்றன.

மதிப்பீடு

நான்சி மாதியோவெட்ஸும் கேத்தரின் மெக்கானகலும் 2000-இல் இத்துறையின் நிலையைத் தொகுத்து ஆராய்ந்தனர். அடிக்கடி மாறாத தொழில், நிறுவனம் போன்ற விவரங்களுக்கு முன்னிலை முறை பொருந்தும். நாளுக்கு நாள் மாறும் மனநிலைக்கும் கருத்துக்கும் பழைய விடையைக் காட்டுவது தீங்கு. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக முடிவெடுப்பதே முறை. வேலையின்மையும் வறுமையும் எத்தனை மாதம் நீடித்தன என்ற எண்ணின் நம்பகத்தன்மை அந்த முடிவுகளைப் பொறுத்தது. அந்த எண்ணைக் கொண்டுதான் உதவித் திட்டங்களும் வகுக்கப்படுகின்றன.