சுவருக்குள் போன வயர்: மதுரை வீடுகளில் டிவி கேபிளின் கதை

மதுரையில் இப்போது வீடு கட்டுகிறவர்கள், பூச்சு வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. "டிவி வயர் ஒண்ணுகூட வெளிய தெரியக் கூடாதுண்ணே." இந்த ஆசை ரொம்பப் புதுசு. அதற்கு முன் கால் நூற்றாண்டு காலம் டிவி வயர் எல்லார் கண்ணிலும் படும்படிதான் கிடந்தது. அது ஏன் வெளியே இருந்தது, எப்படி உள்ளே போனது, யார் வீட்டில் இன்னும் போகவில்லை? இந்த மூன்று கேள்விகளையும் தொட்டுப் பார்க்கலாம்.

முதலில் கரண்ட் வயர்

டிவிக்கு முன்னால் சுவரில் ஏறியது கரண்ட் வயர். பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944 என்று நீர்மின் நிலையங்கள் வந்த வரிசையிலேதான் தென்மாவட்டங்களுக்கும் மின்சாரம் பரவியது. மாசி வீதி, வெளி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் பல அதற்கும் முன்னால் எழுந்தவை. கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே மெட்ராஸ் டெரஸ். அந்தச் சுவரில் மரக்கட்டை அடித்து, அதன்மேல் தேக்கு ரீப்பர் ஓட்டி, தகரக் கிளிப்பில் வயரைப் பிடித்தார்கள். வட்ட மரப்பலகையில் கறுப்பு சுவிட்ச்.

வயரை வெளியே விட்டதற்குக் காரணம் இருந்தது. அன்றைய வயரின் உறை ரப்பர். நம்ம ஊர் வெயிலுக்கு அது சில வருடங்களில் இறுகி வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தால்தானே மாற்ற முடியும்? பி.வி.சி. உறையும் பி.வி.சி. பைப்பும் மலிவாகக் கிடைத்த பிறகுதான், சாதாரண வீட்டிலும் 'கன்சீல்டு வயரிங்' என்ற பேச்சு வந்தது.

மறைக்க முடியாத வயர்

டெல்லியில் 1959-லும் சென்னையில் 1975-லும் தொலைக்காட்சி தொடங்கிவிட்டாலும் சென்னை அலை மதுரைக்கு எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடல் தாண்டி வந்த அந்த அலையைப் பிடிக்கத் தென்மாவட்ட மொட்டை மாடிகளில் உயரக் கம்பங்கள் முளைத்தன. பிறகு கொடைக்கானல் ஒளிபரப்பு கோபுரம் வந்தது. 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற மலையில் இருந்து பார்த்தால் மதுரைச் சமவெளி முழுக்கக் கண்ணுக்கு எதிரே. அதனால் ஆன்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பின.

அந்த ஆன்டெனாவில் இருந்து இறங்கியது தட்டையான இரட்டை வயர். அதை மறைக்க நினைத்தாலும் முடியாது. அதற்கு உலோகக் கவசம் கிடையாது. இரும்புக் கம்பி, ஈரச் சுவர் பக்கத்தில் போனாலே சிக்னல் குறைந்து படம் கெடும். அதனால் சுவரை ஒட்டாமல் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. வட்டமான கோஆக்சியல் கேபிள் புழக்கத்துக்கு வந்ததும் இந்தத் தடை போனது. நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் இருப்பதால் அது சுவருக்குள்ளும் போகும். இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைடு 1880-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. நம்ம ஹாலுக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தெருவில் ஓடிய அரசியல்

1990-களில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி. ஆன்டெனா போய், மாடிக்கு மாடி கறுப்புக் கேபிள் தொங்கியது. யார் கையில் அந்த வயர் இருக்கிறதோ, அவர் கையில்தான் எந்தச் சேனல் தெரியும் என்ற முடிவும் இருந்தது.

2006 செப்டம்பர் 15-ல் தி.மு.க. அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஓலைக் கூரை, ஓட்டு வீடு என்று பாராமல் 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. பெட்டி இலவசம், கேபிளுக்கு மாதம் காசு. அடுத்த வருடம் மே 9-ல் மதுரை தினகரன் அலுவலகம் தாக்கி எரிக்கப்பட்டு 3 ஊழியர்கள் உயிரிழந்தார்கள். ஆளுங்கட்சிக்கும் சன் குழுமத்துக்கும் இருந்த உறவு முறிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. 2011 செப்டம்பரில் ஆட்சி மாறிய பின் அது மாதம் 70 ரூபாய்க்குச் சேவையைத் தொடங்கியது. வீட்டுக்குள் வயரை எங்கே விடுவது என்று நாம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கு வெளியே அந்த வயருக்காக நடந்தது இவ்வளவு.

பெட்டி ஒல்லியானதும் வந்த பிரச்சினை

பழைய குழாய் டிவி கனமானது. மேஜையிலோ ஹால் ஷோகேஸிலோ உட்கார்ந்திருக்கும். வயரெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். எல்.சி.டி., எல்.இ.டி. டிவி சுவரில் ஏறியதும்தான் அடியில் நாலைந்து வயர் தோரணமாகத் தொங்கியது. வயரை மறைக்கும் தொழிலே பெட்டி ஒல்லியானதால் பிறந்தது.

இங்கேதான் உயிருக்கும் சுவருக்கும் ஆபத்து. காடி அடிக்கும்போது சுவரின் தாங்கும் வலு குறைகிறது. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1905, நேர்குத்தான காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 9 அங்குலச் சுவரில் மேலிருந்து கீழாக 3 அங்குலம் போகலாம், குறுக்கே ஒன்றரைதான். பாரம் தாங்குகிற நாலரை அங்குலச் சுவரில் காடியே கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவரில் மெஷின் வைத்தால் பக்கத்துக் காரையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வரும்.

அடுத்தது கரண்ட். டிவியோடு வருகிற பவர் கார்டை அப்படியே காடிக்குள் வைத்துப் பூசிவிடுகிற பழக்கம் இருக்கிறது. பூச்சுக்குள் நிரந்தரமாகக் கிடப்பதற்காகச் செய்த வயர் இல்லை அது. உள்ளே உறை கிழிந்தாலும் தெரியாது. ஈரம் ஏறினால் சுவரே ஷாக் அடிக்கும். டிவிக்குப் பின்னாலேயே ஒரு பவர் பாயின்ட் வைத்துவிட்டால் இந்த வேலையே தேவைப்படாது. சிக்னல் வயருக்குத் தனி பைப்பு. முக்கால் அங்குலப் பைப்பில் எச்.டி.எம்.ஐ. தலை நுழையாது, ஒன்றரை, இரண்டு அங்குலம் வேண்டும். உள்ளே ஒரு இழுகம்பியையும் விட்டுவைக்க வேண்டும். தட்டை வயர், கோஆக்சியல், எச்.டி.எம்.ஐ., இப்போது ஃபைபர் என்று நாற்பது வருடத்தில் நான்கு வகை மாறியாகிவிட்டது. சுவர் அப்படி மாறப் போவதில்லை.

இன்னொன்று, வயரை மறைக்கிற உரிமை எல்லாருக்கும் இல்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார். காடிக்கு எங்கே போவது? அங்கே இன்னும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டிக்குள்தான் வயர் ஓடுகிறது. பழைய தேக்கு ரீப்பர் செய்த அதே வேலை. யோசித்தால் அது குறையும் இல்லை. வயர் எங்கே போகிறது என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியும்.

மறைத்த வீட்டில் அது தெரிவது பைப்பு போட்ட எலக்ட்ரீஷியனுக்கு மட்டும். அவர் ஊர் மாறினால் அந்த வரைபடமும் போயிற்று. பத்து வருடம் கழித்துப் படம் மாட்ட டிரில்லிங் மெஷினோடு வருகிற பையனுக்குத்தான் அதன் விலை தெரியும். ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசுவதற்கு முன்னால், டேப்பைச் சுவரில் பிடித்து, பைப்பு போகிற தடத்தை எல்லாம் போட்டோ எடுங்கள். அச்சுப் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். சுவருக்குள் இருப்பதற்கு வேறு ஆவணம் எதுவும் இல்லை.