ஏழு பேர்ச்சில் ஒரு மைதானம்

போன சீசனில் ஒரு சனிக்கிழமை இரவு. நாங்கள் ஐந்து பேர் ஹட்டன் டவுனில் கபடி பார்க்க இடம் தேடி அலைந்தோம். புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் விளையாடுகிற மெச். கம்பஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். லயத்தில் டிஷ்ஷுக்குக் காசு கட்டாமல் கிடந்தது. "டவுனுக்குப் போனா ஏதாவது ஒரு கடையில போட்டிருப்பாங்க" என்று நம்பிக் கிளம்பிவிட்டோம்.

முதல் கடையில் கிரிக்கெட். இரண்டாவது கடையிலும் கிரிக்கெட், அதுவும் என்றைக்கோ முடிந்த மெச்சின் ஹைலைட்ஸ். மூன்றாவது கடையில் ஐந்து பிளேன்டீ சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டோம். "அண்ணே, கொஞ்ச நேரம் கபடி போடுறீங்களா?" முதலாளி ரிமோட்டைத் தொடவே இல்லை. "மெச் போகுதே தம்பி, மாத்துனா ஆளுங்க ஏசுவாங்க." நாலாவது இடம் ஒரு பார். அங்கே பெரிய திரை இருக்கிறது, கேட்டால் மாற்றுவார்கள் என்று ஒருவன் சொன்னான். ஆனால் எங்களில் இரண்டு பேர் பெண்கள். பாருக்குள் போய் உட்கார்ந்து மெச் பார்த்த பெண்பிள்ளை அடுத்த நாள் தோட்டத்துக்குள் எப்படி நடப்பாள்? கடைசியில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, ஒரே போனில் ஐந்து தலையும் குனிந்து, டேட்டா தீருகிற வரைக்கும் பார்த்தோம்.

இந்தக் கதையை லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவருக்கு வொய்ஸ் போட்டோம். அவர் சிரித்தார். "இங்க ஐரிஷ்காரங்களுக்கும் இதே பொழப்புதான். அவங்களோட ஹர்லிங் மெச் எந்த பப்ல போடுவாங்கன்னு போன் பண்ணிக் கேட்டுக்கிட்டுத்தான் வீட்ட விட்டே கிளம்புவாங்க."

வரலாறு படிக்கிற பிள்ளைகள் இதோடு விடுவோமா? தேட ஆரம்பித்தோம்.

பார்த்தாலே குற்றம்

ஹர்லிங் என்றால் ஆளுக்கொரு மட்டையும் ஒரு சின்னப் பந்துமாக, பக்கத்துக்கு 15 பேர் ஓடி ஆடுகிற ஐரிஷ் விளையாட்டு. கேலிக் கால்பந்து இன்னொன்று. அதில் பந்தைக் கையாலும் தொடலாம். இரண்டிலும் பந்து வலைக்குள் போனால் 3 புள்ளி, ஹர்லிங்கில் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. இன்றைக்கும் இதை ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளின் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் இறுதிப்போட்டி ஆடிய ஒருவர், அடுத்த வாரம் ஸ்கூலில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த விளையாட்டுகளுக்கான கேலிக் தடகளச் சங்கம் 1884 நவம்பர் 1ஆம் திகதி, தேர்லஸ் என்ற சின்ன ஊரில், ஒரு ஹோட்டல் அறையில் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் குசாக் என்ற ஆசிரியர். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்து, அதே அளவு பேர் கப்பலேறிப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த ஊர்களில் கௌரவமான விளையாட்டு என்றால் ஆங்கிலேயர் விளையாட்டுதான். அதற்கு எதிராகத்தான் குசாக் கூட்டம் கூட்டினார்.

சங்கம் போட்ட ஒரு சட்டம் எங்களை வாய்பிளக்க வைத்தது. உறுப்பினர் யாரும் கிரிக்கெட், றக்பி, கால்பந்து, ஹொக்கி ஆடக் கூடாது. பார்க்கவும் கூடாது! 1938இல் அயர்லாந்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு சர்வதேசக் கால்பந்துப் போட்டியைப் போய்ப் பார்த்தார் என்பதற்காக, சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்தே அவரைத் தூக்கினார்கள். நாட்டின் தலைவருக்கே அந்தக் கதி. 1971இல்தான் அந்தத் தடை நீங்கியது.

விளையாட்டைப் பார்ப்பதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கேலிக் கால்பந்து நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் உள்ளே புகுந்து சுட்டன. 14 பேர் இறந்தார்கள். மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். இன்றைக்கும் அந்த மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயர்தான். மெச் பார்க்கப் போய் உயிரை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள், வெளிநாட்டில் எந்த பப்பில் தங்கள் விளையாட்டு ஓடுகிறது என்று தேடி அலைவதில் ஆச்சரியம் என்ன?

வேலிக்கு இந்தப் பக்கம்

அயர்லாந்துக்கும் எங்கள் மலைக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். தோமஸ் லிப்டன். அந்தப் பஞ்சக் காலத்தில் அயர்லாந்தை விட்டு ஸ்கொட்லாந்துக்குப் போன ஏழைக் குடும்பத்தின் பிள்ளை. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். தேயிலையில் சேர்த்த பணத்தை எதில் போட்டார் தெரியுமா? பாய்மரப் படகில். 1899க்கும் 1930க்கும் இடையில் ஐந்து தடவை அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டிக்குப் போனார். ஐந்து படகுகளுக்கும் அயர்லாந்தின் சின்னமான ஷாம்ரொக் என்றுதான் பெயர். ஐந்து தடவையும் தோற்றார். கொழுந்து பறித்தவர்கள் யாருக்கும் அந்தப் படகு எந்தக் கடலில் ஓடியது என்று தெரிந்திருக்காது. 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி, நடந்து மலையேறி வந்தவர்களும் அவர்களில் உண்டு. லிப்டன் குடும்பமும் பசிக்குத்தான் ஊரை விட்டது, எங்கள் குடும்பங்களும் பசிக்குத்தான் ஊரை விட்டன.

துரைமார் மலைக்கு வந்ததும் தங்கள் விளையாட்டுக்கு முதலில் இடம் பிடித்துக்கொண்டார்கள். நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் கிளப். டிக்கோயா பக்கம் தரவளையில் ஒரு கிளப், நானுஓயாவுக்குப் பக்கத்தில் ராதெல்லவில் ஒரு மைதானம். கிரிக்கெட், றக்பி, டெனிஸ், அது முடிந்தால் பார். ஹில் கிளப்பில் 1960கள் வரைக்கும் இலங்கையர் எவரும் உறுப்பினராக முடியாது. கொழும்பில் கோட் போட்ட பெரிய மனிதருக்கே அந்த நிலைமை என்றால், லயத்து மனிதருக்கு? அவருக்கு உள்ளே போக ஒரே வழி வேலைதான். சமையலுக்கு, புல் வெட்டுவதற்கு, ரோலர் இழுப்பதற்கு, பந்து பொறுக்குவதற்கு.

எங்களில் ஒருவரின் தாத்தா சின்ன வயதில் அப்படிப் பந்து பொறுக்கப் போனவர். "வேலிக்கு அங்கிட்டு விழுந்தா எடுத்து எறியணும். உள்ள காலு வைக்கக் கூடாது. ஆனா எந்த தொரை எப்புடி அடிப்பாருன்னு எங்களுக்குத்தான்யா நல்லாத் தெரியும்" என்பார். கிரிக்கெட்டை எங்கள் ஆட்கள் கற்றுக்கொண்டது அந்த வேலி வழியாகத்தான்.

அப்படியென்றால் எங்கள் ஆட்கள் அவர்களுக்கென்று கூடிப் பார்த்தது எங்கே? காமன் பொட்டலில். மாசி மாதம் ஊன்றிய காமனைச் சுற்றி விடிய விடியக் கூத்து நடக்கும். தப்புச் சத்தம் கேட்டால் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு எல்லாம் திரண்டுவிடும். கோயில் முன்றலில் பொங்கலுக்கும் சித்திரைக்கும் சடுகுடு, கயிறிழுத்தல், உறியடி. கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், குமரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் நின்று பார்த்த இடங்கள் இவை. தவறணைக்கு ஆண்கள் மட்டும்தான் போனார்கள். எங்கள் பெண்கள் விளையாட்டைப் பார்த்த ஒரே 'பப்' கோயில் வாசல்தான்.

மலை உச்சியில் கோபுரம்

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1982 பெப்ரவரி 15 அன்று இலங்கை ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதன் பிரதான அஞ்சல் கோபுரம் எங்கே நின்றது? பீதுருதாலகால மலையில். நுவரெலியாவுக்கு நேர் மேலே, 2,524 மீட்டர் உயரத்தில். நாடு முழுக்கப் படம் எங்கள் தலைக்கு மேலே இருந்துதான் போனது. மின்சாரமும் அப்படித்தான். பழைய லக்சபான மின்நிலையம் 1950இலேயே வந்துவிட்டது. காசல்ரீ, மவுசாகலை என்று எங்கள் பள்ளத்தாக்குகளில் அணை கட்டி நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருந்த லயங்களில் எத்தனையோ வருசம் குப்பி விளக்குதான் எரிந்தது.

அதனால் 1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதிப்போட்டி அன்று, எங்கள் அப்பாமார் பார்த்தது பெட்டரி டீவியில். டவுனில் சார்ஜ் பண்ணிய கார் பெட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, இஸ்தோப்பில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை வைத்து, முழு லயமும் உட்கார்ந்து பார்த்தது. பெட்டரி தீர்ந்துவிடும் என்று இடைவேளையில் டீவியை அணைத்து வைத்தார்களாம். அந்த அணியில் முரளிதரன் இருந்தார். அவருடைய தாத்தாவும் தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்தான். அன்றைக்கு கிரிக்கெட் யாருடைய விளையாட்டு என்று எங்கள் அப்பாமாரிடம் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், கிரிக்கெட்டை வெறுத்து எழுதுகிற கட்டுரை இல்லை இது. துரை விளையாட்டு, நம்ம விளையாட்டு என்று கோடு போட்டுப் பிரிக்க எங்களுக்கு ஆசையும் இல்லை. ஐரிஷ்காரர்களே 1971இல் அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள். எங்களுடைய கேள்வி வேறு. ரிமோட் ஏன் எப்போதும் வேறொருவர் கையிலேயே இருக்கிறது?

கோடு போட ஓர் இடம்

இதற்கான பதிலும் அயர்லாந்துக் கதைக்குள்ளேயே இருந்தது. 1913இல் கேலிக் சங்கம் குரோக் பார்க்கை 3,500 பவுணுக்கு விலைக்கு வாங்கியது. ஊருக்கு ஊர் கிளப்புகளும் மெதுமெதுவாகச் சொந்த நிலம் வாங்கின. பெண்கள் 1904இல் கமோகி என்று தங்களுக்கான ஹர்லிங்கைச் சங்கமாக்கினார்கள். வெளிநாடு போனவர்கள் பப்பில் போய் 'எங்க மெச்சைப் போடு' என்று கேட்கும்போது, அவர்களுக்குப் பின்னால் ஊரில் ஒரு சொந்த மைதானம் நிற்கிறது.

நிலம் சொந்தமானதால் இன்னொன்றும் முடிந்தது. 2005இல் அந்நிய விளையாட்டுகளுக்கும் குரோக் பார்க்கைத் திறக்கலாம் என்று சங்கமே வாக்களித்தது. 2007 பெப்ரவரியில், 1920இல் ரத்தம் சிந்திய அதே புல்லில், அயர்லாந்தும் இங்கிலாந்தும் றக்பி ஆடின. இங்கிலாந்தின் தேசிய கீதம் ஒலித்தபோது மைதானம் மரியாதையோடு நின்றது. பிறகு அயர்லாந்து 43க்கு 13 என்று வென்றது, அது வேறு கதை! வீடு சொந்தமாக இருக்கிறவர்தான் விருந்தாளியைக் கூப்பிட முடியும்.

எங்களுக்கு நிலம் எங்கே இருந்தது? 1947 தேர்தலில் மலையக மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் லயங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கப்பலேற்றியது. அந்தப் பிரச்சினை சட்டத்தில் முழுதாகத் தீர்வதற்கு 2003 ஆகிவிட்டது. இந்த நடுவில் தோட்டங்கள் 1970களில் அரசாங்கத்திடம் போய், 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. கை மாறிய ஒவ்வொரு தடவையும் லயமும் பொட்டலும் கோயில் முன்றலும் சேர்ந்தே மாறின. நாங்கள் வலை கட்ட ஒரு கம்பு நடுவதென்றாலும் தோட்டத்து ஒப்பீசில் போய்க் கேட்க வேண்டும்.

மலையில் சமதரை கிடைப்பதே கஷ்டம். கிடைத்ததில் பெக்டரி வந்தது, பங்களா வந்தது, கிளப் மைதானம் வந்தது. அதனால்தான் எங்கள் தோட்டங்களில் கரப்பந்தும் கபடியும் தங்கின என்று நினைக்கிறோம். கிரிக்கெட்டுக்கு மலையையே வெட்ட வேண்டும். கரப்பந்துக்கு ஒரு திட்டுப் போதும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கரப்பந்து மைதானம் 18க்கு 9 மீட்டர், அதாவது 162 சதுர மீட்டர். ஒரு பேர்ச் 25 சதுர மீட்டரும் கொஞ்சமும். வகுத்தால் ஆறரை பேர்ச்சுக்குக் கிட்ட வருகிறது. கபடிக்கு 13க்கு 10 மீட்டர், ஐந்து பேர்ச் கொஞ்சம் கூட.

ஏழு பேர்ச். மலையகத்தில் பிறந்த எவருக்கும் இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் என்றுதான் தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பத்துப் பேர்ச் என்றும் பேசினார்கள், இருபது கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காணி வேண்டும், உறுதியோடு வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. அதோடு சேர்த்து நாங்கள் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் இன்னும் ஒரே ஒரு ஏழு பேர்ச், யார் பேரிலும் இல்லாமல் ஊர் பேரில் எழுத வேண்டும். பகலில் வலை கட்டலாம். மாசியில் காமன் ஊன்றலாம். ராத்திரி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி மெச் போடலாம். பெண்பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டு வந்து உட்காரலாம்.

அன்றைக்கு அங்கே என்ன போடுவது என்று நாங்களே சண்டை பிடித்துக்கொள்கிறோம். கிரிக்கெட் என்று முடிவானாலும் பரவாயில்லை.