உட்கிடைப் பக்கச்சார்பும் மனம் பற்றிய மெய்யியற் கொள்கைகளும்

தம்மை நடுநிலையாளர் என உண்மையாகவே எண்ணும் ஒருவர், தாம் அறியாமலே பிற இனத்தவரையோ பெண்களையோ குறைத்து மதிப்பிடுவதுண்டு. இதனை உளவியலார் உட்கிடைப் பக்கச்சார்பு என்பர். இதனை விளங்கிக்கொள்ள மெய்யியல் ஏன் வேண்டும் என்பதை வரலாற்று நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

மனம் தன்னைத் தானே அறியும் என்பது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய மெய்யியலில் வலுப்பெற்றிருந்த கொள்கையாகும். எண்ணம் ஒன்று மனத்தில் நிகழ்ந்தும் மனம் அதனை உணராதிருத்தல் பொருந்தாது என ஜோன் லொக் 1689 இன் இறுதியில் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். இதன்படி, 'என்னிடம் பாரபட்சம் இல்லை' என ஒருவர் நேர்மையாகக் கூறிவிடின் மேலும் ஆராய்வதற்கு எதுவுமில்லை. லைப்னிற்ஸ் இக்கொள்கையை மறுத்தார். கடலோசையில் ஒவ்வோர் அலையின் ஒலியையும் நாம் தனித்து உணர்வதில்லை. எனினும் அவ்வொலிகள் எம்மைச் சிறிதேனும் தாக்காவிடின் கடலோசையே கேளாது என்றார். லொக் 1704 இல் மறைந்தமையால் லைப்னிற்ஸ் தமது மறுப்பை வெளியிடவில்லை. அது 1765 இலேயே அச்சேறியது.

சொல்லும் செயலும் வேறுபடுவதை இருபதாம் நூற்றாண்டு அளந்து காட்டியது. றிச்சாட் லாப்பியர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1930 முதல் 1932 வரை சீனத் தம்பதியர் இருவருடன் 251 விடுதிகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் சென்றார். ஓரிடத்தில் மாத்திரமே அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னர் அவர் அனுப்பிய வினாக்கொத்துக்கு விடையளித்தோருள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர். 1998 இல் கிறீன்வால்டும் பிறரும் வெளியிட்ட கணனிச் சோதனை இதன் மறுதலையைக் காட்டிற்று: சொல்லில் சமத்துவமும், விடையிறுக்கும் விரைவில் சார்பும் வெளிப்பட்டன.

ஆயின், இச்சோதனை அளப்பது எதனை? இங்கேதான் மெய்யியல் இன்றியமையாததாகின்றது. நம்பிக்கை என்பது மனத்தினுள் மறைந்துகிடக்கும் பொருளன்று, நடத்தைப் போக்கே என 1949 இல் கில்பேட் றைல் கூறினார். இவ்வழி நின்று, நாவால் சமத்துவத்தை ஏற்று நடத்தையால் மறுப்பவர் அதனை முழுமையாக நம்புகிறார் எனவோ நம்பவில்லை எனவோ கூறவியலாது என்றார் எரிக் சுவிட்ஸ்கெபெல் (2010). தமார் ஜென்ட்லர் (2008) இதனை நம்பிக்கையினின்றும் வேறான, பழக்கத்தாற் படிந்த ஓர் உள்ளுந்தலாகக் கண்டார். கண்ணாடிப் பாலம் உறுதியானது என அறிந்தும் கால் நடுங்குவது அவர் காட்டும் உதாரணம். எரிக் மண்டல்போமோ (2016) இது நியாயங்களுக்கு இணங்கி மாறக்கூடிய நம்பிக்கையே என வாதிட்டார்.

இவை வெறுஞ் சொற்போர் அல்ல. பழக்கமெனின் பயிற்சியே மருந்து. நம்பிக்கையெனின் சான்றும் வாதமும் பயன்தரும். நடத்தைப் போக்கெனின் வாழ்வு முறையே மாறல் வேண்டும். பொறுப்பும் அவ்வாறே: அறியாத ஒன்றுக்கு ஒருவரைக் குற்றஞ்சாட்டலாமா என்பதற்கு லொக்கின் வழியில் ஒரு விடையும் றைலின் வழியில் வேறொரு விடையும் பிறக்கும். மேலும், அச்சோதனை தனியொருவரின் நடத்தையை முன்னறிவதில் வலிமை குன்றியது என 2013 இன் தொகுப்பாய்வு ஒன்று காட்டியுள்ளமையால், அதன் பெறுபேற்றைக் கொண்டு எவரையும் தீர்ப்பிடல் தகாது.

விடைத்தாளிற் பெயரை விடுத்துச் சுட்டெண் இடும் வழக்கம் எந்தக் கொள்கைக்கும் காத்திராது நியாயத்தைக் காக்கின்றது. எனினும், பெயரும் முகமும் மறைக்கவியலாத நேர்முகப் பரீட்சையிலும் வகுப்பறையிலும் அவ்வழி உதவாது. அங்கு எம் மனத்தை எம்மால் எவ்வளவு அறியமுடியும் என்னும் பழைய வினாவே எம்முன் நிற்கின்றது. 'நான் நடுநிலையாளன்' என்னும் எமது சொல் விசாரணையின் முடிவன்று, அதன் தொடக்கமே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.