ஊற்றிக் கொடுத்த கைகள்

அமெரிக்காவிலிருந்து மணமேல்குடிக்கு வந்த என் அக்கா மகள் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தாள். நியூயார்க் மாநிலத்தில் செனெகா ஏரிக்கரையில் விளைந்த கேபர்னே ஃப்ராங்க் திராட்சையில் செய்தது. அந்த ஏரி மிக ஆழமானது, கடுங்குளிரிலும் அநேகமாக உறையாது, அதன் வெதுவெதுப்புதான் கொடிகளைக் காப்பாற்றுகிறது என்றாள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். நாங்கள் நெத்திலி வறுத்துக் கொடுத்தோம். வாங்கி வந்தவளுக்கே ஒரு டம்ளர் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் கிடைத்தது.

எங்கள் கடலோரத்துக்கு வெளிநாட்டு ஒயின் புதிதல்ல. இங்கிருந்து தெற்கே, வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில், ரோமானியர் காலத்து மதுச்சாடிகளின் துண்டுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. எங்கள் மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவர்கள் பொன்னும் மதுவும் கொண்டுவந்து மிளகும் முத்தும் துணியும் வாங்கிப் போனார்கள் என்று பள்ளியில் படித்தோம். அந்த மதுவை யார் ஊற்றினார்கள் என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

புறநானூற்றில் இருக்கிறது. 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, ஒளிரும் வளையணிந்த பெண்கள் நாள்தோறும் ஊட்ட, நீ மகிழ்ந்திருப்பாயாக என்பது அதன் பொருள். மதுவுக்கு ஊர் இருக்கிறது, மணம் இருக்கிறது, கிண்ணத்துக்குப் பொன் இருக்கிறது. பெண்களுக்கு இருப்பது வளையல் மட்டும். அவர்கள் ஒரு வாய் குடித்தார்களா என்ற கேள்வி நக்கீரருக்கு எழவில்லை.

இதைவிடக் கசப்பான சான்று கிரேக்க மொழியில் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வணிகர் எழுதிய ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் கையேடு, எந்தத் துறைமுகத்தில் எது விலைபோகும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. மேற்குக் கரை முசிறிக்கு ஒயின் போகும், ஆனால் அதிகம் இல்லை. குஜராத்தின் பரூச்சில் அரசனுக்கென்று இறங்கும் சரக்குகள்: வெள்ளிப் பாத்திரம், பாடும் சிறுவர்கள், அந்தப்புரத்துக்கு அழகிய பெண்கள், உயர்ந்த ஒயின், விலையுயர்ந்த துணி. பெண்ணும் மதுவும் ஒரே பட்டியலில், ஒரே மூச்சில். எழுதியவருக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. அது அவருடைய சரக்குக் கணக்கு.

அன்றைய பெண்கள் குடிக்கவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதியமான் இறந்தபோது அவ்வையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று நினைத்து அழுகிறார். அவ்வை கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. பின்னாளில் அவரைக் கூழ் கேட்கும் கிழவியாக மட்டும் நமக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இந்தப் பாட்டைக் குழந்தைகளிடம் சொல்வதில்லை. பட்டினப்பாலையின் புகார் நகரத்து இரவிலும், பட்டைக் களைந்து மெல்லிய துகில் உடுத்தி மது அருந்துவோர் வருகிறார்கள்.

அந்தச் சாடிகளைப் படித்துச் சொன்னவர்களிலும் முக்கியமானவர்கள் பெண்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழாய்வு நடத்திய குழுவை வழிநடத்தியவர் விமலா பெக்லி. அங்கே கிடைத்த சாடித் துண்டுகளை ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்கப் பேராசிரியை. கைப்பிடியின் வடிவத்தையும் மண்ணையும் பார்த்து, இது இத்தாலியிலிருந்து வந்தது, இது ஏஜியன் கடலின் காஸ் தீவு மதுவுக்கான சாடி வகை என்று பிரித்தார். காஸ் மதுவில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். உப்புக் கரிக்கும் ஒயின்! கருவாட்டு ஊர்க்காரியான எனக்கு அது பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது.

அழகன்குளத்தில் சாடித் துண்டுகள் மட்டும் கிடைக்கவில்லை. உடைந்த சங்கு வளையல்களும் கிடைத்திருக்கின்றன. சாடி எந்தத் தீவிலிருந்து வந்தது என்று கைப்பிடியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். வளையல் போட்டிருந்தவள் எங்கிருந்து வந்தாள், தானாக வந்தாளா, கப்பலில் ஏற்றி வந்தார்களா என்பதை அந்தச் சங்குத் துண்டு சொல்லாது.